திருப்பி வைத்த வரைபலகை

மலேசியாவில் லிங்கியிலிருந்து பெடாஸ் வரைக்கும் கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் சாவு வீட்டுக் கேட்டிலும் தொங்குகிற பேனர்களில் பாதிக்கு மேல் குமுதவல்லி செய்தவை. ஆனால் குமுதவல்லி யாரென்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "பெடாஸ்ல நாயகியக்கா கடை" என்பார்கள். அந்த நாயகியக்கா நான்தான். எனக்குக் கோடுகூட நேராகப் போட வராது. கடை என்னுடையது, வாய் என்னுடையது, கை அவளுடையது. எங்கள் தொழில் அப்படித்தான் ஓடுகிறது.

குமுதா லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஐந்தாம் படிவம் முடித்து, கையுறைத் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்து, கல்யாணமாகி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு என் கடைக்கு வந்தாள். கல்லாவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை எடுத்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சிங்கப்பூருக்குப் போய்விட்டான். ஒரு கல்யாண பேனர் பாதியில் நிற்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். "நான் வேணா பாக்கட்டாக்கா?" என்று எழுந்து வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

அவள் உட்காருவதே ஒரு தினுசு. வலது கை மௌஸில் இருக்கும். இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பாள். விசைப்பலகையில் எதையாவது தட்ட வேண்டுமென்றால்கூட மௌஸை விட்டுவிட்டு வலது கையாலேயே தட்டுவாள். "ஒத்தைக் கையால எத்தனை நாளைக்குப் புள்ள ஓட்டுவ?" என்று நான் கத்துவேன். சிரிப்பாள். ஏசி குளிர் தாங்காமல் கையை ஒளித்து வைக்கிறாள் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்து ஏசியைக் குறைத்து வைப்பேன். வருகிறவர்கள் வியர்த்து வழிவார்கள்.

மனுஷிக்கு இளகிய மனசு. சாவு அறிவிப்புக்கு வீட்டார் கொண்டுவருவது பெரும்பாலும் அடையாளக் கார்டுப் படமாக இருக்கும். அதில் எல்லாரும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள் மாதிரிதான் இருப்பார்கள். குமுதா அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நெற்றிச் சுருக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி, உதட்டோரத்தை லேசாகத் தூக்கி விடுவாள். செத்தவர் நம்மைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும். பாரோயிலிருந்து ஒரு குடும்பம் மட்டும் திருப்பிக் கொண்டுவந்தது. "எங்கப்பா ஜென்மத்துல சிரிச்சதில்ல. ஊரே நம்பாது, மாத்திக் குடுங்க லா" என்றான் பெரிய மகன். அவள் அந்தப் படத்திடம் மெதுவாக "மன்னிச்சிக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டு உதட்டைக் கீழே இறக்கினாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாமிப் படம் என்றால் மட்டும் கடையில் வரைய மாட்டாள். வீட்டில் தாளில் பென்சிலால் வரைந்து கொண்டுவருவாள். அதைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி மௌஸால் வர்ணம் அடிப்பாள். அந்தப் பென்சில் கோடு கடையில் நான் பார்க்கிற குமுதாவின் கோடாகவே இருக்காது. அப்படி ஒரு ஓட்டம் அதில் இருக்கும். "இங்கயே வரஞ்சா என்ன? வீட்டுல சரஸ்வதி வந்து கையப் பிடிக்கிறாளா?" என்று கேட்டால், "கதவச் சாத்திக்கிட்டாத்தான்கா எனக்கு வரும்" என்பாள். கலைஞர்களுக்கு ஒரு கிறுக்கு இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் இரண்டு விஷயம் ஒன்றாக வந்தது. வருஷக்கணக்காக மௌஸைப் பிடித்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டது. கிளினிக்கில் டாக்டர், மௌஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், பேனா மாதிரி பிடித்து வரைகிற கருவி இருக்கிறது, அதை வாங்குங்கள் என்றார். அதே வாரம் தர்மராஜ் அண்ணன் கடைக்கு வந்தார். அவர் குமுதா பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவர். தோட்டத்தில் ஆள்களை வேலை வாங்கிய பழைய மண்டோரின் மகன். அந்த அதிகாரம் இன்னும் நடையில் இருக்கிறது.

"நாயகி, போன வருஷம் நீ குடுத்த பேனர்ல எங்க அம்மன் மூஞ்சியும் பக்கத்துத் தோட்டத்து அம்மன் மூஞ்சியும் ஒண்ணு. ரெண்டு திருவிழாவுக்கும் வந்த சனம் கேக்குது, ஒரே அம்மன்தான் ரெண்டு எடத்துலயும் சம்பளம் வாங்குதான்னு."

அது என் கைங்கரியம். குமுதா லீவில் இருந்தபோது நான் இன்டர்நெட்டில் ஒரு அம்மனைப் பிடித்துப் போட்டுவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரனும் அதே அம்மனைப் பிடித்திருக்கிறான்.

"இந்த வருஷம் எங்க கர்ப்பகிரகத்துல இருக்கிற தாயப் பாத்து வரஞ்சு குடுக்கணும்" என்றார். நான் விடுவேனா? "புது மெஷினே வாங்கப்போறோம் அண்ணே, பாருங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை குமுதாவை ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்குப் போனேன். கம்ப்யூட்டர் கடையில் ரோஸ்னா என்று ஒரு மலாய்க்காரப் பெண் வரைபலகைகளை எடுத்து மேசையில் பரப்பினாள். அவளும் படம் வரைகிறவளாம். அதனால் விற்கிற அவசரமில்லாமல் பேசினாள். முதலில் திரையோடு வருகிற பலகை. அதிலேயே படம் தெரியும், அதன் மேலேயே வரையலாம். எனக்கு அதுதான் பிடித்தது, பார்க்க ஜோராக இருந்தது. குமுதா பேனாவை வலது கையில் பிடித்து ஒரு வட்டம் போட்டாள். வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது.

"மணிக்கட்டு வலி" என்றாள் என்னைப் பார்க்காமல்.

அடுத்து திரையில்லாத பலகைகள். இதில் கை கீழே பலகையில் ஓடும், கோடு மேலே கம்ப்யூட்டர் திரையில் விழும். சின்னது ஒன்று, கையை இம்மி நகர்த்தினால் கோடு திரையின் அந்தக் கோடிக்கு ஓடிவிடுகிறது. பெரியது ஒன்று, எங்கள் கடை மேசையில் வைத்தால் மேசையே தெரியாது. ஒன்றின் மேற்பரப்பு கண்ணாடியாக வழுக்கியது. இன்னொன்று தாள் மாதிரி சொரசொரவென்று பேனாவைப் பிடித்து நிறுத்தியது. ஒரு பேனாவுக்கு சார்ஜ் போட வேண்டும், இன்னொன்றுக்கு வேண்டாம். "சார்ஜ் போட மறந்துட்டா அம்மன் பாதி மூக்கோட நிக்கணும், அது வேண்டாம்" என்று அதை நானே தள்ளிவிட்டேன். அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும் என்று ரோஸ்னா செய்து காட்டினாள். குமுதா ஒவ்வொன்றிலும் வலது கையால் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் உருளைக்கிழங்குதான் வந்தது.

தர்மராஜ் அண்ணனிடம் அத்தனை பெருமை அடித்திருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அவரே போனில் கூப்பிட்டார். கடைக்கு வெளியே போய், "எல்லாம் பிரமாதமா நடக்குது அண்ணே" என்று புளுகினேன்.

திரும்பி வந்து கண்ணாடிக் கதவைத் தள்ளினேன். குமுதாவின் முதுகு தெரிந்தது. அதற்கு மேலே திரையில் ஒரு முகம் எழுந்துகொண்டிருந்தது. மேலுதடு கொஞ்சம் தடித்து, கோபமா சிரிப்பா என்று சொல்ல முடியாத முகம். அது தோட்டத்து மாரியம்மன் முகம். கோடு தயங்கவே இல்லை, தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிற மாதிரி போனது. இன்னும் இரண்டடி நடந்த பிறகுதான் பார்த்தேன். பேனா இருந்தது இடது கையில்.

என்னைப் பார்த்ததும் நெருப்பைத் தொட்டவள் மாதிரி பேனாவைப் போட்டுவிட்டாள். இடது கை தானாகத் தொடைக்கு அடியில் போனது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருஷமாக ஏசியைக் குறைத்து வைத்த என் அறிவை என்னவென்று சொல்வது!

ரோஸ்னாவுக்கு இது எதுவும் தெரியாது. "ஓ, காக், தாங்கான் கிரியா? போலே லா, தாக் அப்பா" என்றாள். இடது கையா, அதற்கென்ன, தாராளமாகச் செய்யலாமே என்கிறாள். பலகையைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பி வைத்தாள். இடப்பக்கம் இருந்த பட்டன்கள் வலப்பக்கம் வந்தன. பிறகு கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். வலது கை, இடது கை என்று இரண்டு வட்டங்கள் இருந்தன. திருப்பி வைத்த பலகையில் போடுகிற கோடு திரையில் நேராக விழுவதற்காக, இடது கை வட்டத்தை ஒரு தட்டுத் தட்டினாள். முடிந்தது வேலை.

குமுதா அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குன்னு ஒரு எடம் வெச்சிருக்காங்களாக்கா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். ரோஸ்னா பயந்துபோய் டிஷ்யூப் பெட்டியோடு ஓடிவந்தாள். நானும் ஒன்று உருவிக்கொண்டேன்.

திரையில்லாத, நடுத்தர அளவுப் பலகையைத் தேர்ந்தெடுத்தாள், தாள் மாதிரி சொரசொரப்புள்ளதை. திரை வைத்த ஜோரான பலகையை ஏன் வேண்டாமென்றாய் என்று காரில் கேட்டேன். "அதுல படத்தப் பாக்குறவங்க என் கையவும் பாப்பாங்கக்கா. இதுல எல்லாரும் மேல படத்தத்தான் பாப்பாங்க. கீழ கை என்ன பண்ணுதுன்னு எவனும் பாக்க மாட்டான்."

பெடாஸ் வருவதற்குள் மீதியையும் சொன்னாள். அவள் அம்மா முத்தாயி இன்றும் அவளோடுதான் இருக்கிறார். சின்ன வயதில் இவள் சோற்றில் இடது கையை வைத்தால், பென்சிலை இடது கையில் எடுத்தால், "அதுமேல உக்காருடி" என்பாராம். அடிக்கிற அம்மா இல்லை, பயந்த அம்மா. பீச்சாங்கைக்காரி பரிமாறினால் எவன் சாப்பிடுவான், எவன் கட்டிக்கொள்வான் என்கிற பயம். வலது கையில் சாப்பிட, எழுத, பரிமாற எல்லாம் வந்துவிட்டது. வரைவது மட்டும் வரவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு இடது கையால் வரைவாள். வரைந்து முடித்ததும் அந்தத் தாளுக்கு முன்னால் ஒரு சூடம் ஏற்றி மன்னிப்புக் கேட்பாள். "கமிட்டிக்குத் தெரிஞ்சா இனிமே அம்மனத் தொடவே விட மாட்டாங்கக்கா. எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்றேன். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும். ஆனாலும் இதில் காப்பாற்றினேன்.

வாரம் முழுக்கக் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அவள் வரைந்தாள். அம்மன் முகம் முடிந்தது, கண் மட்டும் பாக்கி. சாமிக்குக் கண்ணைக் கடைசியில்தான் திறக்க வேண்டும், அது அவள் முறை. அதை நான் தர்மராஜ் அண்ணனிடம் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். மறுநாள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வந்துவிட்டது: திருவிழாப் பேனரில் எழுந்தருளும் அம்மனுக்கு, கோயில் மண்டபத்தில், பக்தர்கள் முன்னிலையில், டிஜிட்டல் முறையில் கண் திறப்பு. அனைவரும் வருக. அன்னதானம் உண்டு.

பேனருக்குக் கண் திறப்பு வைத்த கோயில் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். தர்மராஜ் அண்ணனை வாயில் வந்தபடி திட்டினேன், மனசுக்குள்.

குமுதா பயப்படவில்லை என்று காட்டிக்கொண்டாள். "கண்ண மட்டும் வலது கையில போட்டுக்கிறேன்க்கா." அதற்காகப் பழகவும் செய்தாள். பலகையை நேராக வைத்து, அந்த வட்டத்தை வலது கைக்கு மாற்றி, திரும்பத் திரும்பக் கண் போட்டாள். எல்லாம் பாசார் மீன்கடையில் ஐஸ் மேல் கிடக்கிற மீனின் கண். "பரவால்ல, தூரத்துலேர்ந்து பாத்தா தெரியாது" என்றேன். அவள் போட்ட கண்ணை அழித்தாள். அந்த முகத்துக்கு அந்தக் கண்ணைப் போடுவது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு வேறு பேனர் வேலை வந்தால் வட்டத்தை மறுபடி இடது கைக்கு மாற்றிக்கொள்வாள்.

அந்த நாள் வந்தது. தோட்டத்தை விட்டு எப்போதோ போன குடும்பங்களெல்லாம் சிரம்பான், பாரோய் என்று எங்கெங்கிருந்தோ வந்து மண்டபத்தில் நிறைந்திருந்தன. முன்வரிசையில் முத்தாயி அம்மா பட்டுப்புடவையில், மகளுக்கு நடக்கிற மரியாதையைப் பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். பூசாரி குமுதாவை அம்மன் முன்னால் நிறுத்தி, கண் திறக்கிறவள் என்று மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டினார். பிறகு கடையிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரும் பலகையும் இருந்த மேசைக்கு வந்தாள். கண்ணில்லாத அம்மன் பெரிய டிவியில் தெரிந்தாள். மேளக்காரர் தயாராக நின்றார்.

குமுதா பலகையை நேராக வைத்துக்கொண்டு, வலது கையில் பேனாவை எடுத்து, புருவத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

கோடு அம்மனின் தாடையில் விழுந்தது, தாடி மாதிரி.

மண்டபம் "ஐயோ" என்றது. அவள் அழித்துவிட்டு மறுபடி இழுத்தாள். கோடு மறுபடி தாடைக்கே போனது. கையை மேலே கொண்டுபோனால் கோடு கீழே போகிறது. எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் ஒரு பிறந்தநாள் பேனருக்காக வட்டத்தை இடது கைக்கு மாற்றியவள், திருப்பி மாற்ற மறந்திருக்கிறாள். பலகை வலது கைக்கு இருக்கிறது, கம்ப்யூட்டர் இடது கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

"என்னம்மா, மெஷினுக்குத் திருஷ்டியா?" என்றார் தர்மராஜ் அண்ணன்.

நான் ஓடினேன். மௌஸைப் பிடித்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும். குமுதாவின் நெற்றியில் வியர்வை வடிந்தது. அவள் அந்த வட்டத்தைப் பார்த்தாள், அம்மனைப் பார்த்தாள்.

"வேணாம்க்கா. அத மாத்தாதீங்க."

"என்ன புள்ள சொல்ற?"

"அது சரியாத்தான் இருக்கு."

பலகையைத் தூக்கினாள், திருப்பி வைத்தாள். பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

முன்வரிசையில் சலசலப்புக் கிளம்பியது. தர்மராஜ் அண்ணன் எழுந்தேவிட்டார். "ஏம்மா குமுதா, என்ன இது? பீச்சாங்கையிலயா தாய்க்குக் கண்ணு?"

விஷயம் வெளியே வந்துவிட்டால் பேசுவதற்கென்று நான் ஒரு வாரமாக ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். இடது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது.

"அண்ணே, இப்பத்தான் பூசாரி காப்புக் கட்டுனாரு. எந்தக் கையில கட்டுனாரு பாருங்க. பொம்பளைக்கு இந்தக் கைதான்னு கட்டுனாரு. திருவிழாவுக்குத் தாய்க்கும் இதே கையிலதானே கட்றோம்? அவளுக்குக் கட்டுறப்ப நல்ல கையி, நான் வரையுறப்ப மட்டும் பீச்சாங்கையா?"

தர்மராஜ் அண்ணன் பூசாரியைப் பார்த்தார். பூசாரி மேலே மின்விசிறியைப் பார்த்தார். "வழக்கம் அப்படித்தாங்க, இடது கையிலதான்" என்றார் கடைசியில். அண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். என் பிரசங்கம் இன்னும் வயிற்றிலேயே கிடக்கிறது.

குமுதா வரைந்தாள். வலது கண்ணுக்கு ஒரு கோடு, இடது கண்ணுக்கு ஒரு கோடு, இமை, கருமணி. கருமணிக்குள் வெளிச்சத்துக்கு இம்மி இடம் விட்டாள். கண் மூடித் திறக்கிற நேரம்தான் ஆகியிருக்கும். அம்மன் எங்களைப் பார்த்தாள். கர்ப்பகிரகத்துக்குள்ளே எங்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படியே பார்த்தாள். ஒரு பெண் குலவையிட்டாள், பிறகு எல்லாரும் இட்டார்கள், மேளம் கொட்டியது. தர்மராஜ் அண்ணன் "தாயே" என்று தலைமேல் கைகூப்பினார். நான் அழுதேன், மறைக்கவில்லை.

குமுதா பேனாவைக் கீழே வைத்தாள். வைத்ததும், பழக்கதோஷம், இடது கை மெதுவாகத் தொடைக்கு அடியில் போனது.

முத்தாயி அம்மா எழுந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் முகத்தில் என்ன இருக்கிறதென்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை, அதனால் பயந்தேன். குமுதா அம்மாவைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி ஒடுங்கினாள். முத்தாயி அம்மா குனிந்து அவள் முழங்கையைப் பிடித்தார்.

"அத எதுக்குடி அடியில போட்டு உக்காந்திருக்க? எடு வெளிய."

எடுத்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, அன்னதானத்துக்குக் கூப்பிடுகிற வரைக்கும் விடவே இல்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் வேலையாக ஏசியை நன்றாகக் கூட்டி வைத்தேன்.